கோடை என்பது ஒரு காற்றின் பெயர்

ஏப்ரல் 24ஆம் தேதி நண்பகலில், சென்னையில் செங்குத்தாக நட்ட கம்பத்துக்கு நிழல் இருக்காது. நகரம் நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருப்பதால், வடக்கு நோக்கி நகரும் சூரியன் அன்று நேர் உச்சிக்கு வருகிறது. கடக ரேகை வரை போய்த் திரும்பும் வழியில் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொரு முறை உச்சிக்கு வரும். சூரியனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சென்னை மிகவும் கொதிக்க வேண்டியது இந்த இரண்டு வேளைகளில்தான். ஆனால் ஏப்ரலின் சராசரி உச்ச வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஆகஸ்டிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். உண்மையான உக்கிரம் மே பிற்பகுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருகிறது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் உச்சபட்சப் பதிவான 45 டிகிரி 2003 மே மாதக் கடைசியில் பதிவானது. அதற்குள் சூரியன் நம் தலைக்கு மேலிருந்து விலகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நிலம் சூடேறக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்பது இதற்குப் பாதி விடை. மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. ஏப்ரலில் சென்னைக்குப் பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும், அதாவது கடல் பக்கமிருந்து, காற்று வீசுகிறது. மே நடுவில் அது திசை மாறி மேற்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. அரபிக்கடலில் புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது தன் ஈரத்தைக் கேரளத்திலும் கர்நாடகக் கரையிலும் கொட்டிவிடுகிறது. மலையின் இந்தப் பக்கம் இறங்கும்போது அது அழுந்திச் சூடாகிறது. பிறகு காய்ந்த சமவெளியின் மேல் சில நூறு கிலோமீட்டர் தவழ்ந்து சென்னைக்கு வந்து சேர்கிறது. கொச்சியில் குடை விரிக்கவைக்கும் அதே காற்றுதான் சென்னையில் தார்ச்சாலையை இளகவைக்கிறது.

தமிழ் இதை எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. நான்கு திசைக் காற்றுக்கும் நம்மிடம் தனித்தனிப் பெயர் உண்டு: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. மேல்காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே சொல். கீழ்காற்றைக் குறிக்கும் கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள். சென்னையில் வெயிலும் மழையும் எந்தத் திசையிலிருந்து வரும் என்பது இந்த இரண்டு சொற்களிலேயே அடங்கிவிடுகிறது. 'சென்னைக்கு மூன்றே பருவம்தான்: வெயில், கடும் வெயில், கொடும் வெயில்' என்ற பழைய நகைச்சுவை எனக்கு ஒருபோதும் சிரிப்பு வரவழைத்ததில்லை. வெப்பமானியை மட்டும் பார்ப்பவரின் கேலி அது. மொட்டை மாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பவருக்கு இந்த ஊரில் நான்கு தெளிவான பருவங்கள் உண்டு.

கத்திரி வெயில் என்ற அக்கினி நட்சத்திர நாட்கள் பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் பரணியின் பின்பாதியிலிருந்து ரோகிணியின் முதல் பாதம் வரை கடக்கும் காலம், வழக்கமாக மே 4ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். வானிலை ஆய்வு மையம் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆண்டுதோறும் கத்திரி முடிந்ததும் 'இனி வெயில் குறையும்' என்று யாராவது சொல்வார்கள். ஜூன் முதல் வாரம் அவர்களைப் பொய்யாக்கும். நட்சத்திரக் கணக்கு சூரியனைப் பின்தொடர்கிறது. ஜூன் தொடக்கத்தில் சென்னையை வாட்டும் மேற்குக் காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கோடைப் புயல்களின் கதையும் இதே போன்றதுதான். மே மாதத்தில் வங்கக் கடலில் புயல் என்றதும் சென்னை ஆசையோடு வானத்தைப் பார்க்கும். அது நம் கரையைத் தொடாமல் வடக்கே ஏறிப் போனால் நடப்பது நேர் எதிரானது. புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். புயல் நமக்கு வடகிழக்கே இருக்கும்போது அந்தச் சுழற்சி சென்னையின் மேல் நிலப்பகுதிக் காற்றை இழுத்துவிடும், கடற்காற்று தடைப்படும், பாதரசம் ஏறும். 2019இல் ஃபானி புயல் சென்னையைத் தூரத்தில் கடந்து மே 3ஆம் தேதி ஒடிசாவின் புரி அருகே கரையேறியது. தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்த ஊருக்கு அதனால் மழை கிடைக்கவில்லை.

மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொரு நாளும் நண்பகலில் ஒரு மல்லுக்கட்டு நடக்கிறது. ஒரு பக்கம் மேற்குக் காற்று, மறுபக்கம் கடற்காற்று. காலையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும். நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையப் பார்க்கும். மேற்குக் காற்று வலுவில்லாத நாளில் பதினொன்று, பதினொன்றரைக்கே கடற்காற்று வந்துவிடும். வெப்பநிலை 36, 37ஐத் தாண்டாது. மேற்குக் காற்று வலுத்த நாளில் அது கரையிலேயே தடுக்கப்பட்டு இரண்டு, மூன்று மணிவரை காத்துக் கிடக்கும்; அதற்குள் 40 தாண்டிவிடும். சில நாட்களில் வரவே வராது. அன்றைய உச்ச வெப்பநிலையை, வெயிலின் கடுமையைவிடக் கடற்காற்று வந்து சேரும் நேரமே தீர்மானிக்கிறது.

சென்னையில் இரண்டு வெப்பநிலைகள் செய்தியில் சொல்லப்படுவதன் பின்னணியும் இதுதான். நுங்கம்பாக்கம் கடலுக்கு அருகே. மீனம்பாக்கம் இன்னும் உள்ளே தள்ளி. கடற்காற்று முதலில் நுங்கம்பாக்கத்தைத் தொட்டுவிட்டு, பிறகுதான் விமான நிலையத்துக்குப் போகும். அந்த இடைவேளையில் மீனம்பாக்கம் ஒன்றிரண்டு டிகிரி அதிகமாக ஏறிவிடுகிறது. திருவான்மியூரில் மின்விசிறி போதும் என்று சொல்பவரும் பூந்தமல்லியில் தவிப்பவரும் பொய் சொல்லவில்லை; இருவருக்கும் கடற்காற்று ஒரே நேரத்தில் வருவதில்லை.

கடற்காற்று வந்ததும் அரை மணி நேரத்தில் பாதரசம் சில டிகிரி இறங்கும். ஆனால் அது இலவசமாக வருவதில்லை. ஈரத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. மே மாத வங்கக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கும் வெந்நீர்த் தொட்டி. உடம்பு தன்னைக் குளிர்விக்க நம்பியிருப்பது வியர்வை ஆவியாவதை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். அதனால் பயன் இல்லை. புழுக்கம் என்ற சொல் இந்த நிலையைத்தான் குறிக்கிறது. டெல்லிக்காரர் 43 டிகிரியில் நடமாடிவிட்டு இங்கே 37இல் சோர்ந்து உட்காருவதும் இதனால்தான். வானிலை ஆய்வு மையமே இதை ஒப்புக்கொள்கிறது: சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல 40 டிகிரியாவது வேண்டும், கடலோரத்தில் 37 போதும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால்.

இரவுதான் இன்னும் கொடுமை. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது நிலம் வெளியேற்றும் வெப்பம் எளிதில் மேலே தப்பாது. மே மாதத்தில் விடியற்காலையில்கூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் பல. பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் சுவர்கள் அதை இரவில்தான் திருப்பித் தருகின்றன. மேல்தளத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டால் படுக்கையே சுடுகிறது என்பார்கள். பகல் உச்சத்தைத் தலைப்புச் செய்தியாக்குகிற நாம், உடம்பு ஓய்வெடுக்கவேண்டிய இரவின் வெப்பநிலையைக் கவனிப்பதே இல்லை.

ஜூன் நடுவுக்குப் பிறகு அந்த மல்லுக்கட்டே மழையாகிறது. கடற்காற்று உள்ளே நுழைந்து மேற்குக் காற்றோடு மோதும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. பிற்பகலில் காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மேகங்கள் கோபுரமாக எழும். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அவற்றைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். இருட்டியபின் மேற்கே மின்னல் வெட்டும், சட்டென்று குளிர்ந்த காற்று அடிக்கும், ஒரு மணி நேரம் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு மேகம் கடலுக்குள் போய்விடும். செய்தியில் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று வாசிப்பது இதைத்தான். சென்னை மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இடிமழைதான். அதே மாதங்களில் தூத்துக்குடி வறண்டு கிடக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கோவைக்கும் தேனிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் பொருந்துகிற அளவுக்குச் சென்னைக்குப் பொருந்தாது. இங்கே ஆடியில் பறப்பது பெரும்பாலும் பட்டம்தான்.

அக்டோபரில் மேற்குக் காற்று ஓய்கிறது. சில நாட்கள் எந்தக் காற்றும் இல்லாமல் ஊர் மூச்சு முட்டும். இந்த நாட்களின் புழுக்கத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டுத் திட்டுபவர்கள் உண்டு, நானும் அதில் சேர்த்தி. பிறகு ஒருநாள், வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி, கிழக்கிலிருந்து கடற்காற்று காலையிலேயே வீசத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து, காற்று வடக்கிலிருந்து தெற்கே திரும்பிப் பாய்கிறது. வங்கக் கடலின் மேல் வளைந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு கொண்டலாக நம் கரையில் ஏறுகிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ.; அதில் 60 விழுக்காடு இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது, நவம்பரில் அதிகம். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்ற பழமொழிக்கு இங்கே திருத்தம் தேவையில்லை.

இரண்டு மழைக்காலங்களுக்கும் கடிகாரமே வேறு. தென்மேற்குக் காலத்தில் மழை மாலையிலும் முன்னிரவிலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். வடகிழக்குக் காலத்தில் கடலிலிருந்து நிலத்துக்கு வரும், அதுவும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும். இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கி நகரும். கிழக்கிலிருந்து ஈரக்காற்று வரும். இரண்டும் கரையோரத்தில் முட்டிக்கொள்ளும். மலை செய்யவேண்டிய வேலையை இங்கே இந்த மோதல் செய்கிறது. பள்ளி விடுமுறை அறிவிப்பு விடிகாலை ஐந்து மணிக்கு வருவதும், பத்து மணிக்கு வெயில் அடிப்பதும், 'இதற்கா விடுமுறை?' என்று பெற்றோர் முணுமுணுப்பதும் இதன் விளைவுகள். மழைப்பட்டை சில கிலோமீட்டர் அகலமே இருக்கலாம் என்பதால், எண்ணூரில் கொட்டும்போது அடையாறில் தூறல்கூட இருக்காது. மழை மேகங்கள் நகர்வதைக் காட்டும், துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ராடாரின் படத்தை நவம்பர் இரவுகளில் பார்த்துக்கொண்டிருப்பது இந்த நகரத்தில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது.

மழை அளவைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மழைமானியின் நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. விடிகாலையில் தொடங்கி நண்பகல் வரை கொட்டிய மழை ஏட்டில் இரண்டு நாட்களாகப் பிரிந்துபோகும். தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றவருக்கு மறுநாள் செய்தித்தாளின் எண் சிறிதாகத் தோன்றுவது இப்படித்தான்.

இனி ஒரு கணக்கு. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதன் மேல் சீராக 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அப்படியானால் 24 செ.மீ. மழை என்பது ஒரு முழுச் செம்பரம்பாக்கத்தைத் தூக்கி நகரத்தின் தலையில் கவிழ்ப்பதற்குச் சமம். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 105 செ.மீ. பெய்திருந்தது. 1918 நவம்பரின் 109 செ.மீ.க்கு அடுத்தபடியான அளவு அது. மண் இனி ஒரு சொட்டும் குடிக்காது என்ற நிலையில், டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, அடையாற்றின் இரு கரையும் மூழ்கின.

இந்த ஊர் தட்டை. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஏழு மீட்டர்கூட உயரமில்லை. கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு மூன்றும் மெல்ல நகரும் ஆறுகள். முகத்துவாரங்களில் மணல்திட்டு வழியை அடைக்கும். கடல் ஏற்றத்தின்போது வெளியேறவேண்டிய தண்ணீர் அப்படியே நிற்கும். புயல் அருகே இருக்கும்போது கடலும் பொங்கி நிற்பதால், மழை அதிகமாகப் பெய்யும் நேரத்தில்தான் வடிகால் மிகவும் மந்தமாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. ஆந்திரத்தில் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு நாட்கள் நம் கரைக்கு அருகே ஊர்ந்து நகர்ந்ததே போதுமானதாக இருந்தது. புயலின் வேகம் என்று செய்தியில் வாசிக்கும்போது காற்றின் வேகத்தைத்தான் பார்க்கிறோம். சென்னையைப் பொறுத்தவரை புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே அதிகம் கவலைப்படவேண்டிய எண்.

வேகமாக நகர்ந்த புயலுக்கு எடுத்துக்காட்டு வர்தா. 2016 டிசம்பர் 12 அன்று அது நேராகச் சென்னையைக் கடந்தது. காலையில் வடக்கிலிருந்து அறைந்த காற்று, புயலின் கண் கடக்கும்போது ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. ஒரே நாளில் வாடையும் தென்றலும், கவிஞர்கள் அறிந்திராத வடிவத்தில். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்படி ஒரு புயல் வந்த அந்த ஆண்டில்தான் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோனது.

சென்னை மழையின் குணம் இதுதான். 140 செ.மீ. என்ற சராசரி எந்த ஆண்டிலும் அப்படியே பெய்வதில்லை. வங்கக் கடலில் உருவாகும் நான்கைந்து தாழ்வுப் பகுதிகளில் எத்தனை நம் பக்கம் வருகின்றன என்பதைப் பொறுத்தே ஆண்டு முழுவதற்குமான குடிநீர் அமைகிறது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வடக்கே பருவமழை பொய்க்க, இங்கே வடகிழக்குப் பருவம் சற்றுத் தாராளமாக இருப்பது பொதுவான போக்கு. 2015 அதற்குப் பொருந்தியது. 2021 அதற்கு நேர்மாறாக, அந்தக் கடல் குளிரும் லா நினா ஆண்டு. ஆனாலும் நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.யைத் தாண்டியது. எனவே செப்டம்பரில் பசிபிக் பெருங்கடலைக் காட்டி நம் ஊர் மழைக்கு யாராவது உறுதி சொன்னால் அளவோடு நம்புங்கள்.

வெள்ளம் வந்து நான்கு ஆண்டுகளுக்குள், 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறத்தாழ வற்றிப்போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இந்த நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11 டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். மேலே சொன்ன கணக்குப்படி ஓர் ஆண்டில் மாநகரின் மேல் விழும் மழையோ ஏறத்தாழ 21 டி.எம்.சி. ஐம்பது, அறுபது நாள் மழையைப் பிடித்து வைத்துப் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும் என்பதை முன்னோர் புரிந்துகொண்டிருந்தார்கள்; செங்கல்பட்டு வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று சொல்லும்படி ஒன்றின் வழிநீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். நாம் 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரைக் கட்டினோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைமேடும் கட்டடமுமாகச் சுருங்கிய பிறகு, 2022இல் அதன் எஞ்சிய பகுதிக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு நல்ல சட்டம். ஆனால் எங்கள் குடியிருப்பில் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் கடைசியில் மழை விலக, வாடை வருகிறது. பகலில் 29 டிகிரி, விடிகாலையில் 21. இந்தக் குளிருக்குக் காதை மூடும் குல்லாய் போடுபவர்களைப் பார்த்து வடநாட்டவர் சிரிக்கலாம். மே மாத இரவுகளோடு ஒப்பிட்டால் ஏழெட்டு டிகிரி குறைவு, உடம்புக்கு அது தெரியும். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 13.9 டிகிரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பதிவானது. அதன் பிறகு அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்ததால் இவ்வளவு பழைய ஏடுகள் நம்மிடம் இருக்கின்றன. ஜனவரி விடிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ளது சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மூடி போட்ட பாத்திரம் போல அடியில் உள்ளது மேலே போகாது. போகியன்று கொளுத்தும் பழைய பாயும் டயரும் கிளப்பும் புகை அந்த மூடிக்குள் சிக்கி, பனியோடு கலந்து, விமானங்களைத் தாமதிக்கவைக்கிறது.

பிப்ரவரியில் மழை அநேகமாக இல்லை, மேகமும் குறைவு. மார்ச் நடுவில் காலைப் பனி காணாமல் போகும். மாலை ஐந்து மணிக்கு மெரினாவில் தெற்கிலிருந்து இதமாக ஒரு காற்று வீசத் தொடங்கும். கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களின் வலது கன்னத்தில் அது படும். சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மேற்குக் காற்றுக்கு இன்னும் இரண்டு மாதம்.